மூடிய எஃகாலை ஊரில் கட்டணமில்லாக் கலைப்பள்ளி: பணம் எங்கிருந்து வருகிறது, நம்பிச் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் கோடையில் பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே உள்ள கிரான்பெரிக்குக் குடிபோகிறீர்கள். எட்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் ஆறு ஆண்டுகளாகப் பரதம் பயில்கிறாள். ஓஹையோ ஆற்றங்கரையில் மிட்லண்ட் என்ற சிற்றூரில் லிங்கன் பார்க் நிகழ்த்துகலை சார்ட்டர் பள்ளி (தனிக் குழு ஒன்றின் கீழ் பொதுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி) இருக்கிறது என்றும், அங்கே கட்டணமே இல்லை என்றும் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எஃகாலை மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஊரில் இப்படியொரு பள்ளி எவ்வாறு நடக்கிறது, இதில் ஏதேனும் மறைவு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். "சேர்க்கலாமா" என்பது கடைசி வரியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள ஐயம்தான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது: நாம் கட்டாத பணத்தை யாரோ கட்டுகிறார்கள், அவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டால் நம் பிள்ளை என்ன ஆவாள்?

நான் மேற்கு பென்சில்வேனியாவில் பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளின்) வரவுசெலவுக் கணக்கைத் தயாரிக்கும் பணியில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவன். சார்ட்டர் பள்ளிகளிலிருந்து மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டுகளைச் சரிபார்த்து அனுப்புவது என் மேசையின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஆகவே பணத்தைப் பற்றி நான் எழுதுவதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நடனத்தைப் பற்றி எழுதுவது அப்படியல்ல; இப்பகுதிக் குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பரதம் சொல்லித்தரும் என் மனைவியின் அனுபவத்தை அவர் சொன்னபடி தருகிறேன். உங்கள் மகளின் திறமையைப் பற்றி நாங்கள் இருவருமே எதுவும் சொல்ல முடியாது.

ஊரின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனெனில் பள்ளி அதிலிருந்துதான் முளைத்தது. மிட்லண்ட் பீவர் கவுன்ட்டியின் (கவுன்ட்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு) மேற்குக் கோடியில், பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 35 மைல் தொலைவில், ஓஹையோ மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது. ஊரில் நின்று ஆற்றின் எதிர்ப்பக்கம் பார்த்தால் ஷிப்பிங்போர்ட் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரியும். 1911இல் குரூசிபிள் ஸ்டீல் நிறுவனம் இங்கிருந்த ஆலையை வாங்கியது. அதன் பிறகு ஊர் என்பதும் ஆலை என்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த இந்த ஊரின் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணி 1965இல் ஒரு போட்டியிலும் தோற்காமல் மாநிலப் பட்டத்தை வென்றது. பின்னாளில் சிகாகோ புல்ஸ் அணிக்காக ஆடிய நார்ம் வான் லியர் அந்த அணியில் இருந்தவர். 1982இல் ஆலை மூடப்பட்டது. அதன் ஒரு பகுதியை வேறு நிறுவனம் வாங்கிச் சிறிய அளவில் ஓட்டியதே தவிர, போன வேலைகள் திரும்பவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 2,400.

அமெரிக்காவில் ஆலை மூடினால் பள்ளியும் ஏன் ஆட்டம் காண்கிறது என்பது நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு எளிதில் விளங்காது. தமிழ்நாட்டில் ஓர் ஊரின் நூற்பாலை மூடினாலும் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் சென்னையிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும். பென்சில்வேனியாவில் பள்ளிச் செலவின் பெரும்பகுதியை அந்தந்தப் பள்ளி மாவட்டம் தன் எல்லைக்குள் உள்ள வீடு, நிலம், ஆலை ஆகியவற்றின் மீது போடும் சொத்து வரியிலிருந்தே திரட்டுகிறது; மாநிலம் தருவது அதற்குத் துணையாக மட்டுமே. எனவே ஆலை போனதும் மிட்லண்டின் வரி அடித்தளமும் போயிற்று. 1980களின் நடுவில் அந்த ஊர் தன் உயர்நிலைப் பள்ளியையே மூடியது. பிள்ளைகள் முதலில் பீவர் என்ற பக்கத்து ஊருக்குச் சென்றார்கள். அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபின், 1990களின் நடுவிலிருந்து, மாநில எல்லையைத் தாண்டி ஓஹையோவில் உள்ள ஈஸ்ட் லிவர்பூலுக்குப் பேருந்தேறிப் படிக்க நேர்ந்தது. அதுவும் ஒரு காலத்தில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன, பின்னர் அந்தத் தொழிலை இழந்த ஊர்தான். தன் மாநிலத்துக்குள் எந்தப் பள்ளியும் ஏற்காததால் அயல் மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை, எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பள்ளி தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நெருக்கடிக்கு ஊர்ப் பள்ளி மாவட்டம் கண்ட விடை விநோதமானது. தன் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக் கட்டடம் கட்ட வழியில்லாத நிலையில், அப்போதைய கண்காணிப்பாளர் நிக் ட்ரொம்பெட்டாவின் முயற்சியில், 2000ஆம் ஆண்டில் கணினி வழியாகவே நடக்கும் ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 500 மாணவர்கள் சேர்ந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பிள்ளைகள். பென்சில்வேனியா சைபர் சார்ட்டர் பள்ளி என்று பின்னர் பெயர் பெற்ற அது, பத்தாண்டு கடப்பதற்குள் மாநிலத்தின் மிகப் பெரிய இணையவழிப் பள்ளிகளில் ஒன்றாயிற்று. அந்த வளர்ச்சி ஊருக்கு அலுவலக வேலைகளையும் கட்டடங்களையும் துணிவையும் கொண்டுவந்தது. அடுத்த படியாக, இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, சுமார் 750 பேர் அமரும் அரங்கத்தோடு லிங்கன் பார்க் நிகழ்த்துகலை மையம் எழுந்தது. அதன் கூரையின் கீழ் 2006இல் கலைப்பள்ளி தொடங்கியது. இன்று ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 700க்கு மேற்பட்ட மாணவர்கள் நடனம், இசை, நாடகம், எழுத்து, ஊடகக்கலை முதலிய துறைகளில் படிக்கிறார்கள். கலைப்பள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டே 2014இல் அது கூடைப்பந்திலும் மாநிலப் பட்டம் வென்றது. மிட்லண்டின் முதியவர்கள் 1965ஐ நினைத்து அன்று எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இனி உங்கள் முதன்மையான ஐயம். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அன்று. நம் ஊரின் அரசு உதவிபெறும் பள்ளியோடும் அதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அரசின் பட்டயம், அதாவது பள்ளி நடத்துவதற்கான அனுமதி, பெற்று, தனக்கென ஓர் அறங்காவலர் குழுவின் கீழ், பொதுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி அது. இந்த முறையை முதன்முதலில் சட்டமாக்கியது மினசோட்டா மாநிலம், 1991இல். பென்சில்வேனியா 1997இல் 22ஆம் எண் சட்டத்தின் மூலம் அதைப் பின்பற்றியது. மாணவரிடம் படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே "கட்டணமே இல்லை" என்று உங்கள் நண்பர் சொன்னதில் சலுகையும் இல்லை, கவர்ச்சி விளம்பரமும் இல்லை. நடன உடை, காலணி, வெளியூர் நிகழ்ச்சிப் பயணம் போன்ற செலவுகள் வேறு. அவை பெற்றோர் தலையில்தான் விழும், அவற்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வரும் வழி இதுதான். உங்கள் மகள் லிங்கன் பார்க்கில் சேர்ந்தால், நீங்கள் குடியிருக்கும் பள்ளி மாவட்டம், அதாவது கிரான்பெரியைப் பொறுத்தவரை செனெக்கா வேலி, அவளுக்காக ஒரு தொகையை மிட்லண்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தொகை லிங்கன் பார்க் பள்ளியின் உண்மையான செலவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். செனெக்கா வேலி தன் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு செலவிடத் திட்டமிட்டிருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பேருந்து, கட்டட நிர்மாணம், கடன் தவணை போன்ற சில இனங்களைக் கழித்துவிட்டு, எஞ்சியதை அனுப்ப வேண்டும் என்பதே சூத்திரம். எனவே ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளுக்காக இரு மாவட்டங்கள் அனுப்பும் தொகைகள் வெவ்வேறாக இருக்கும். ஒன்று பத்தாயிரம் டாலரை ஒட்டியும் மற்றொன்று இருபதாயிரத்தைத் தாண்டியும் இருப்பது இங்கே அரிதன்று. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளையென்றால் தொகை இன்னும் அதிகம். பன்னிரண்டு சம தவணைகளாக, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் இது போய்ச் சேர வேண்டும். மாவட்டம் அனுப்பாவிட்டால், அதற்கு மாநிலம் தரும் மானியத்திலிருந்து பிடித்துக் கொடுக்க மாநிலக் கல்விச் செயலருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே "அவர்கள் நிறுத்திவிட்டால்?" என்ற உங்கள் அச்சத்துக்கு என் விடை: சட்டம் இப்போதிருக்கும் வடிவில் இருக்கும்வரை அனுப்பும் மாவட்டம் விரும்பினாலும் நிறுத்த முடியாது. மிட்லண்டின் வரி வருமானம் எவ்வளவு தேய்ந்தாலும் அது இந்தப் பள்ளியை நேரடியாகத் தாக்குவதில்லை. ஊரின் பணத்தில் நடக்காமல், பல கவுன்ட்டிகளிலிருந்து பிள்ளைகளோடு சேர்ந்து வந்து இறங்கும் பணத்தில் நடப்பதால்தான் இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு பெரிய பள்ளி நிற்க முடிகிறது.

இதன் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தப் பக்கத்து மேசையில்தான் என் பணிக்காலம் கழிந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் வெளியே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. இங்கொருவர் அங்கொருவராக ஆறு வகுப்புகளிலிருந்து போகிறார்கள். அதனால் ஓர் ஆசிரியரைக் குறைக்க முடியாது, ஒரு பேருந்தை நிறுத்த முடியாது, வகுப்பறை விளக்கை அணைக்க முடியாது; ஆனால் பத்துப் பேருக்கான தொகை முழுவதும் வெளியே போய்விடும். இந்தச் சுமையில் ஒரு பகுதியை முன்பு மாநிலம் மாவட்டங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவந்தது. 2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதுவும் நீக்கப்பட்டது. அப்போதிருந்து சார்ட்டர் பள்ளிகள்மீது பள்ளி வாரியங்களுக்குள்ள கசப்பு கூடியிருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. இன்னொன்று, பட்டயம் வழங்கிக் கண்காணிக்கும் அதிகாரம் பள்ளி அமைந்திருக்கும் மாவட்டத்துக்கு மட்டுமே உண்டு. லிங்கன் பார்க்கைப் பொறுத்தவரை அது மிட்லண்ட் மாவட்டம். பணத்தின் பெரும்பங்கை அனுப்புகிற மற்ற மாவட்டங்களுக்கு அந்தப் பட்டயத்தில் ஒரு சொல் சேர்க்கவோ நீக்கவோ உரிமையில்லை. தன் ஊருக்கு உயிரூட்டும் பள்ளியைத் தானே கண்டிப்போடு மேற்பார்வையிடும் பொறுப்பு இவ்வளவு சிறிய மாவட்டத்தின் மீது இருப்பதை இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டையாக நான் கருதுகிறேன். இதற்கு லிங்கன் பார்க் பள்ளி பொறுப்பாகாது; சட்டம் எழுதப்பட்ட விதம் அப்படி.

"மறைவு உண்டா" என்று நீங்கள் கேட்டதால், இணையத்தில் தேடினால் உடனே கண்ணில் படும் வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்ரொம்பெட்டா மீது 2013இல் கூட்டாட்சி அரசு குற்றம் சாட்டியது. இணையவழிப் பள்ளிக்குச் சேவை செய்த ஒரு நிர்வாக நிறுவனத்தின் வருமானத்தை மறைத்ததே வழக்கின் மையம். 2016இல் வரி தொடர்பான சதிக் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். 2018இல் அவருக்கு இருபது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வளவும் நீதிமன்றப் பதிவு. அவர் ஒப்புக்கொண்ட குற்றம் கலைப்பள்ளியின் வகுப்பறையைப் பற்றியதன்று. அதன்பின்னும் பள்ளி நடந்துகொண்டிருக்கிறது, அதன் பட்டயமும் நீடிக்கிறது. ஆனாலும் அந்த வழக்கிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய இடங்களில் பள்ளி ஓர் அமைப்பாகவும், கட்டடமும் அரங்கமும் வேறொரு லாபநோக்கற்ற அமைப்பாகவும் பிரிந்திருக்கும். இரண்டுக்குமிடையே வாடகையும் சேவைக் கட்டணமும் கைமாறும். மிட்லண்டிலும் மையம் வேறு, பள்ளி வேறு. சார்ட்டர் பள்ளியின் அறங்காவலர் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தகவல் அறியும் சட்டத்தின்படி அதன் ஒப்பந்தங்களையும் தணிக்கை அறிக்கையையும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். நான் பெற்றோராக இருந்தால், இரண்டு அமைப்புகளின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளை அருகருகே வைத்து, ஒன்று செலுத்தியதாகச் சொல்லும் வாடகை மற்றொன்று பெற்றதாகச் சொல்லும் வாடகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். அரை மணி நேர வேலை அது.

பள்ளி நிலைக்குமா என்பதற்குச் சட்டம் தரும் அளவுகோல் ஐந்தாண்டு. பட்டயம் புதுப்பிக்கப்படும்போது ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும். மறுக்கப்பட்டால் மாநில மேல்முறையீட்டு வாரியத்திடம் போகலாம். உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் அவளுடைய நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு புதுப்பிப்பு வரக்கூடும். அது எந்த ஆண்டு என்று நேராகக் கேளுங்கள். ஐயத்துக்குரியது வேறிடத்தில் இருக்கிறது. சார்ட்டர் பள்ளிகளுக்கான தொகைச் சூத்திரத்தை மாற்ற வேண்டும் என்ற வாதம் மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க் சட்டமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. அதன் கூர்மை பெரும்பாலும் கட்டடச் செலவில்லாத இணையவழிப் பள்ளிகளை நோக்கியதே என்றாலும், மாற்றம் எந்த வடிவில் வரும் என்று இப்போதே ஒருவரும் உறுதி கூற முடியாது. அப்படி வந்தாலும் நடுவில் கதவை மூடிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. துறைகள் சுருங்கலாம், நிகழ்ச்சிகள் குறையலாம். கலைப்பள்ளியில் முதலில் வெட்டுப்படுவது பக்கவாத்தியக்காரரும் அரங்கத் தொழில்நுட்பரும்தான் என்பது கணக்குப் புத்தகத்தில் நான் பலமுறை கண்டது.

இந்தப் பள்ளி ஊரை மீட்டுவிட்டதா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். ஆம் என்று சொல்லிவிட ஆசைதான், ஆனால் அந்த அளவுக்குச் சான்று இல்லை. உறுதியாகத் தெரிவது இவ்வளவு: மிட்லண்ட் பிள்ளைகள் மேல்நிலைப் படிப்புக்காக மாநில எல்லையைத் தாண்ட வேண்டிய நிலை மாறியது, ஊர் நடுவே மாலையில் விளக்கெரியும் அரங்கம் ஒன்று வந்தது, ஆசிரியர்களும் அலுவலர்களுமாகச் சில நூறு பேருக்கு வேலை கிடைத்தது. ஆயினும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் மக்கள்தொகை குறைந்தே வந்திருக்கிறது, ஏனெனில் காலையில் பேருந்தில் வரும் மாணவர் மாலையில் தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். அவருடைய குடும்பம் மிட்லண்டில் வீடு வாங்குவதில்லை. இதே மாநிலத்தின் கிழக்குக் கோடியில் உள்ள பெத்லஹெம் நகரை எதிர்வாதமாகச் சிலர் காட்டுவார்கள். பெத்லஹெம் ஸ்டீல் அங்கே 1995இல் எஃகு உருக்குவதை நிறுத்தியது, 2001இல் திவாலானது. 2003இல் லீஹை பள்ளத்தாக்கின் கலை சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி அந்நகரில் தொடங்கியது. 2011இல் பழைய ஊதுலைகளைப் பின்னணியாக வைத்துக் கலை வளாகம் திறக்கப்பட்டது. 2015இல் பள்ளியும் ஆலைப் பகுதியை ஒட்டிய புதுக் கட்டடத்துக்கு வந்தது. அந்நகரம் இன்று செழிப்பாக இருப்பது உண்மை. ஆனால் அது எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரம். பல்கலைக்கழகம் உண்டு, சூதாட்ட விடுதியின் வருமானம் உண்டு, நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் எட்டும் தொலைவில் உள்ளன. அங்கே கலைப்பள்ளி மீட்சியின் ஓர் அங்கம்; மிட்லண்டில் ஏறக்குறைய அது ஒன்றே தூண். ஒரு தூணின் மேல் ஊரையே ஏற்றிவைத்துவிட்டு, ஏன் தாங்கவில்லை என்று கேட்பது அந்தப் பள்ளிக்கு இழைக்கும் அநீதி என்பது என் கருத்து.

சேர்க்கைக்கு வருவோம். சார்ட்டர் பள்ளி அறிவுத்திறனை வைத்தோ உடற்குறையை வைத்தோ யாரையும் ஒதுக்கக் கூடாது என்று பென்சில்வேனியா சட்டம் சொல்கிறது; அதே சட்டம், கலை போன்ற ஒரு துறையை மையமாகக் கொண்ட பள்ளி அதற்கேற்ற நியாயமான மதிப்பீட்டு முறையை வைத்துக்கொள்ளலாம் என்றும் அனுமதிக்கிறது. ஆகவே இங்கே ஆடிஷன் சட்டத்துக்கு உட்பட்டது. மாசசூசெட்ஸில் அப்படியில்லை; சவுத் ஹாட்லியில் உள்ள பயனியர் வேலி நிகழ்த்துகலை சார்ட்டர் பள்ளி குலுக்கல் முறையில்தான் மாணவரைச் சேர்க்க வேண்டும். இரண்டில் குலுக்கலே நேர்மையானது என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஏழு வயதிலிருந்து தனி வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கே ஆடிஷன் எளிதாக அமைகிறது. ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளை அங்கே வெறுங்கையோடுதான் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் மகளுக்குப் பென்சில்வேனியா விதிதான் பொருந்தும். அதற்கேற்ப ஆயத்தமாவதே வழி.

நடனத்தைப் பற்றி என் மனைவி சொன்னது இது. இத்தகைய பள்ளிகளில் நடனத் துறையின் அடித்தளம் பாலேயும் மாடர்னும் ஜாஸும்தான். பரதம் அங்கே விருந்தாளியாக வரலாம், பாடத்திட்டமாக வராது. பரதம் பயின்ற பெண்ணுக்கு இடுப்பிலிருந்து தொடையை வெளித்திருப்பும் பழக்கம் அரைமண்டியால் ஏற்கெனவே வந்திருக்கும். தாளத்தில் நிற்பதும், நெடுநேரம் உடலைத் தாழ்த்தி வைத்திருப்பதும் அவளுக்கு இயல்பு. இவை பாலே வகுப்பில் உதவும். உதவாதது பாதம். நாம் பாதம் முழுவதும் தரையில் பதியத் தட்டுகிறோம். அவர்கள் கால்விரல் நுனிவரை நீட்டித் தரையை விட்டு எழுகிறார்கள். பதினான்கு வயதில் அந்தக் கணுக்காலைப் புதிதாகப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். சிறுவயதிலிருந்தே பாலே கற்றவர்கள் அருகில் நிற்கும்போது, ஆறு ஆண்டு உழைத்த பெண் தொடக்கநிலைக்காரியாக உணரும் சில மாதங்கள் கட்டாயம் வரும். அவருடைய மாணவியர் இருவர் இதே வயதில் பாலே வகுப்பில் சேர்ந்தார்கள். ஒருத்தி அந்த மாதங்களைத் தாண்டினாள், மற்றொருத்தி தாண்டவில்லை. இருவரில் அடவுகளில் தேர்ந்தவள் தாண்டாதவளே. அபிநயத்தில் மனம் தோயும் பிள்ளையாக இருந்தால் நடனத் துறையைவிட நாடகத் துறை பொருந்தக்கூடும், அதையும் யோசிக்கச் சொல்லுங்கள் என்றார்.

இதோடு சேர்ந்த நடைமுறைச் சிக்கல் ஒன்று நேரம். பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் தமிழ்க் குடும்பங்களுக்குப் பரத வகுப்பும் அரங்கேற்றமும் பெரும்பாலும் நகரின் கிழக்கிலும் வடக்கிலும், பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயிலை ஒட்டிய சூழலிலும் அமைகின்றன. மிட்லண்ட் இருப்பதோ நேர்மாறான மேற்குக் கோடியில். கலைப்பள்ளியில் நிகழ்ச்சி நெருங்கும்போது ஒத்திகை மாலையிலும் சனிக்கிழமையிலும் வரும். இரண்டையும் சேர்த்து நடத்த முடியும் என்று எண்ணித் தொடங்கும் குடும்பங்கள் இரண்டாம் ஆண்டில் ஒன்றை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறோம். எதை விட்டால் பரவாயில்லை என்று மகளும் நீங்களும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பேருந்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். சார்ட்டர் பள்ளி உங்கள் மாவட்ட எல்லைக்குள்ளோ, எல்லைக்கு வெளியே பத்து மைலுக்குள்ளோ இருந்தால் மட்டுமே மாவட்டம் இலவசமாக வாகனம் தர வேண்டும். கிரான்பெரியிலிருந்து மிட்லண்ட் முப்பது மைல் அளவு இருக்கும். ஆகவே செனெக்கா வேலிக்கு அந்தக் கடமை இல்லை. பள்ளியே ஏதேனும் ஏற்பாடு வைத்திருக்கிறதா, இல்லையெனில் அப்பகுதிப் பெற்றோர் முறைவைத்துக் காரில் அழைத்துச் செல்கிறார்களா என்று கேளுங்கள். பனிக்காலக் காலையில் நாள்தோறும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போவதும் வருவதும் சிறிய செய்தி அன்று. படிப்பு கெட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கு மட்டும் அதிக இடம் தராதீர்கள். அல்ஜீப்ரா, இலக்கியம், உயிரியல் ஆகியவற்றில் மாநிலம் நடத்தும் கீஸ்டோன் தேர்வுகளைச் சார்ட்டர் மாணவரும் எழுதுகிறார். அந்த முடிவுகள் பள்ளிவாரியாக வெளியிடப்படுகின்றன. செனெக்கா வேலியின் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் வசதியான புறநகர் மாவட்டம் ஒன்றும் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்துசேரும் பள்ளி ஒன்றும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்லாமல் விட்ட வழி ஒன்றும் இருக்கிறது. அதே மையத்தில் ஹென்றி மான்சினி கலைக்கழகம் என்ற பெயரில், கட்டணம் வாங்கிக்கொண்டு எவருக்கும் கற்றுத்தரும் பயிற்சிப் பிரிவு ஒன்று உண்டு. மான்சினி இதே கவுன்ட்டியின் வெஸ்ட் அலிக்விப்பாவில் வளர்ந்தவர், எஃகாலைத் தொழிலாளியின் மகன். ஹாலிவுட்டுக்கு இசையமைக்கப் போவதற்கு முன் தந்தையிடம் குழல் கற்றவர். செனெக்கா வேலி பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கிவிட்டு, அந்தப் பயிற்சிப் பிரிவில் ஒரு பருவம் பாலே பயின்று பார்த்தால், ஆசிரியர்களின் தரமும் தொலைவின் களைப்பும் அவள் கணுக்காலின் பொறுமையும் மூன்றுமே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு ஆடிஷனுக்குப் போவதென்றால் ஆயத்தத்தோடு போகலாம். வேண்டாம் என்றால் இழப்பு ஒரு பருவக் கட்டணம் மட்டுமே.

குடிவந்ததும் மாணவர்களின் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சீட்டு வாங்கி மகளோடு போங்கள்; அரங்கம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். இடைவேளையில் மற்ற பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள். அறங்காவலர் கூட்டம் அடுத்து எப்போது என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் அதற்கும் ஒருமுறை போய் உட்காருங்கள். தணிக்கை அறிக்கைகள் கைக்கு வந்தபின் அவற்றில் ஏதேனும் வரி புரியாவிட்டால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.